பழைய ஃபைபர் டாப்பு: ஒட்டுவதா, பட்டறையில் விடுவதா, தார்ப்பாய் கட்டுவதா?

போன மாசியில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் பிக்கப் டாப்பு ஒன்று கண்ணில் பட்டது. வண்டியின் பின்தொட்டி மேல் கவிழ்த்து வைக்கிற ஃபைபர் கூண்டு. கேனோபி என்றும் சொல்வார்கள். பட்டறைக்காரர்களுக்கு அது டாப்புதான். என் வண்டி பொலிரோ கேம்பர். நாடா வைத்து அளந்து பார்த்ததில் அகலம் சரியாக வந்தது, முன்பக்கம் மட்டும் அரை அங்குலம் இடைவெளி. கடைக்காரர் 12,000 சொன்னார், 9,000-க்குப் படிந்தது. வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவர 1,200. வீட்டு வாசலில் இறக்கியதும் அம்மா கேட்டது: "கோழி வளக்கப் போறியா?"

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பலகாரம் போடுகிறோம். சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், அதிரசம், கைமுறுக்கு. கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் திருச்சி, மதுரை வரை டின் டின்னாகப் போகும். இந்த ஊர்ச் செம்மண் புழுதியும் ஐப்பசி மழையும் இரண்டுமே பலகாரத்துக்கு ஆகாதவை. அதனால் டாப்பு ஆடம்பரத்துக்கு இல்லை. ஆனால் வாங்கிய பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. இதைச் சரி செய்ய எவ்வளவு செலவழிக்கலாம்? எதற்குச் செலவழிக்க வேண்டும்? பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தார்ப்பாய் கட்டிவிடலாமா?

ஒரு மாதம் பல பேரிடம் கேட்டேன். எல்லோரும் பெயிண்டைப் பற்றியே பேசினார்கள். நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம் வேறு: வண்டிக்குள் என்ன ஏற்றுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கல் ஏற்றுகிறவனுக்கு ஒரு பதில், கட்டில் பீரோ ஏற்றுகிறவனுக்கு ஒரு பதில், எண்ணெய்ப் பலகாரம் ஏற்றுகிறவனுக்கு வேறு பதில்.

முதலில் உள்ளே உட்கார்ந்து பாருங்கள்

எந்த முடிவும் எடுக்கும் முன் உச்சி வெயிலில் டாப்பைத் தரையில் கவிழ்த்து வைத்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, கதவையும் கண்ணாடியையும் சாக்கால் மூடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் எந்த மெக்கானிக்கும் சொல்லாததைச் சொல்லிவிடும். என் தலைக்கு மேலே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மாதிரி ஆறேழு ஒளிப் புள்ளிகள். பழைய கேரியர் மாட்டியிருந்த போல்ட் ஓட்டைகள். இரண்டு பின் மூலைகளிலும் வெள்ளைக் கோடாக வெளிச்சம், அது விரிசல். இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய ஓட்டை. யாரோ அட்டையை வைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அப்புறம் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டிக்' என்று கேட்கும். அடுக்கு உரிந்த இடத்தில் 'டொப்' என்று செத்த சத்தம் வரும். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனால் வேலையின் அளவு தெரிந்துவிடும். வட்டங்கள் கூரையில் பாதிக்கு மேல் வந்தால் அந்த டாப்பைக் கொடுத்தவரிடமே கொடுத்துவிடுங்கள். எனக்கு வந்தவை நான்கு வட்டம்.

வெளிப்புறம் கையால் தேய்த்தால் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியது. இது ஏன் என்று புரிய ஆத்தங்குடிக் கல்லை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து முதலில் வண்ணத்தை ஊற்றுவார்கள்; அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும்; அதற்கு மேல் ஈரக் கலவை. தண்ணீரில் ஊறிக் காய்ந்து கண்ணாடி கழன்றால் கல்லின் முகம் மினுங்கும். அந்த மினுக்கம் கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் கொடுத்ததில்லை. டாப்பும் அப்படித்தான். மெழுகு பூசிய பளபள அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்கிற வண்ணப் பூச்சு, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அதன் முதுகில்தான் மேட் என்கிற கண்ணாடி இழைப் பாயும், அதை ஊறவைத்துக் கல்லாக இறுகுகிற ரெசின் பசையும். வருஷக்கணக்கில் வெயில் தின்றது அந்த அரை மில்லியைத்தான். உடம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

தார்ப்பாய், தகரம், புதுசு

தார்ப்பாயை யாரும் மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். பைப் வளைத்து நான்கு வில், மேலே கனமான தார்ப்பாய், பக்கத்துக்குக் கயிறு. எனக்குச் சொன்ன விலை 8,500. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண், கதவு, பீங்கான் சாமான் வியாபாரம் செய்கிறவர்களைப் பாருங்கள். கம்பளியில் சுற்றி, தார்ப்பாய் போட்டு, பர்மாத் தேக்கைப் பத்திரமாகக் கொண்டுபோய்விடுகிறார்கள். உயரமான சாமான் வந்தால் வில்லைக் கழற்றி எறியலாம்; டாப்பில் அது முடியாது, நான்கு ஆள் தூக்க வேண்டும்.

எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் மழை இல்லை, புழுதி. ஓடுகிற வண்டியின் பின்னால் காற்று அழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய புழுதியைப் பின்பக்கமாக உள்ளே இழுக்கும். தார்ப்பாயின் பின் மடிப்பை எப்படிக் கட்டினாலும் பள்ளத்தூர் போய்த் திரும்பினால் டின் மூடி மேல் விரலால் கோலம் போடலாம்.

தகரக் கூண்டு என்றால் சதுரப் பைப்பில் சட்டம், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு, 38,000. உறுதி. மேலே ஏணி, ஸ்பீக்கர், பந்தல் சாமான் எது வேண்டுமானாலும் கட்டலாம். பந்தல் வேலை, எலக்ட்ரிக் காண்டிராக்ட் எடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கனம் ஃபைபரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறது, துரு அங்கேதான் தொடங்குகிறது. புது ஃபைபர் டாப்புக்கு வெளியூரில் கேட்டதற்கு 62,000 சொன்னார்கள். நல்ல சரக்குத்தான். என் தொழிலுக்கு ஒரு தீபாவளி லாபம் அதிலே போய்விடும். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

பட்டறையில் முழுதாக விடுவது

பட்டறைக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டை அடைத்து, பெயிண்ட் அடித்து, ரப்பர், கண்ணாடி எல்லாம் சேர்த்து 22,000 என்றார். அநியாய விலை இல்லை. "அண்ணே, இந்த ஓட்டைக்கு மேட் போடுவீங்களா, பேஸ்ட் போடுவீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, மேல பெயிண்ட் ஏறிட்டா யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். முன்பு என் மச்சான் வண்டியின் ஃபைபர் பம்பருக்கு வேறொரு இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஓட்டைக்குப் பின்னால் செய்தித்தாளை உருட்டி வைத்து, மேலே மெட்டல் பேஸ்ட்டை அப்பி, தேய்த்து, பளபளவென்று பெயிண்ட். ஆறு மாதத்தில் ஒரு வேகத்தடையில் வடை மாதிரி வட்டமாகக் கழன்று விழுந்தது, பின்னால் ஒட்டியிருந்த ராசிபலன் பக்கத்தோடு. பேஸ்ட் என்பது பள்ளத்தை நிரவ மட்டும். இரண்டு மூன்று மில்லிக்கு மேல் அது தாங்காது. ஓட்டைக்கு இழை வேண்டும்.

இதைச் சொல்வதால் பட்டறையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பெயிண்ட் அடிப்பதில் அவர்கள் கை நமக்கு வராது. இரும்பில் டிங்கரிங் பார்த்துப் பழகிய கைக்கு ஃபைபர் வேறு சாதி, அவ்வளவுதான். ஃபைபர் கதவு, தண்ணீர்த் தொட்டி, கோயில் திருவிழாவுக்கு வாகனம் செய்கிறவர்களைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்தவர் பாத்ரூம் கதவு செய்கிறவர். அரை நாள் கூட நின்று கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்ததற்கு 1,500 கொடுத்தேன். இந்த மொத்தச் செலவில் இதற்குக் கொடுத்த பணம்தான் அதிகம் உழைத்தது.

நாமே ஒட்டுவது

கடையில் இரண்டு வகை ரெசின் கிடைக்கும். பாலியெஸ்டர் மலிவு, எபாக்ஸி இரண்டு மூன்று மடங்கு விலை, ஆனால் பழைய ஃபைபரோடு பிடிப்பு நன்றாக இருக்கும், நாற்றமும் மிகக் குறைவு. பழைய டாப்பு பாலியெஸ்டரில் செய்தது. நன்றாகச் சுரண்டிவிட்டு ஒட்டினால் பாலியெஸ்டரே போதும் என்று நான் அதையே எடுத்தேன். எபாக்ஸி வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: எபாக்ஸி மேல் திரும்ப ஜெல்கோட் பூசினால் அது சரியாக இறுகாது. மேலே பெயிண்ட் அடிப்பதென்றால் கவலை இல்லை.

கணக்கு எளிது. 450 கிராம் மேட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு அந்த எடை. ஒரு அடுக்கு சுமார் 1 மில்லி கனம் கொடுக்கும். மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ஒரு சதுர அடி ஒட்டுக்கு மூன்று அடுக்கு போட்டால் மேட் 125 கிராம், ரெசின் 300 கிராம் பக்கம். என் நான்கு இடங்களுக்கும் உள்பக்க மூலை வலுவுக்கும் சேர்த்து 4 கிலோ ரெசின் வாங்கினேன், கொஞ்சம் மிஞ்சியது.

ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் முதல் 20 மில்லிலிட்டர் வரை. நம் ஊர் வெயிலுக்குக் கீழ்க்கணக்கே போதும். இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டைக் கடையில் கத்திரிப்பூ நிறத்தில் தனிப் புட்டியில் கொடுத்தால், அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். இரண்டு புட்டியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வராதீர்கள். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

முதல் நாள் நான் காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். அரைக் கிலோ ரெசின், கையளவாக இரண்டு மூடி ஹார்ட்னர். மேட்டைக் கத்தரித்துக்கொண்டு திரும்புவதற்குள் டப்பாவிலிருந்து புகை. தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் டப்பா அடியில் உருகிக் கோணிவிட்டது, உள்ளே ரெசின் மஞ்சள் கல்லாகி 'படக்' என்று வெடித்துக் கீறியது. பாத்ரூம் கதவுக்காரர் சிரித்துவிட்டு, "பொரியல் சட்டியில ஐஸ் வைக்கிற நேரத்துல வேலை பாக்குறீங்க" என்றார். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு, வேப்பமர நிழலில், இருநூறு கிராம் இருநூறு கிராமாகக் கலந்து, ஊசியில்லா சிரிஞ்சில் ஹார்ட்னர் அளந்து ஆரம்பித்தோம். எட்டரைக்கு நிறுத்திவிட்டோம்.

ஒட்டுகிற இடத்தைச் சரிவாகச் சீவுவதில்தான் உயிர் இருக்கிறது. ஓட்டையின் விளிம்பை அப்படியே விட்டு மேலே மேட்டைப் போட்டால் பிளாஸ்திரி மாதிரி உரிந்து வரும். ஓடு 3 மில்லி கனம் என்றால் அதைப் போலப் பன்னிரண்டு மடங்கு, அதாவது ஓட்டையைச் சுற்றி ஒன்றரை அங்குலம், தோசை ஓரம் மாதிரி மெலிந்துகொண்டே போகும்படி 80 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இழை உரோமம் மாதிரி எழும்பி நிற்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அன்று இரவு முழுக்கச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

வெளிப்பக்கம் ஓ.எச்.பி. ஷீட் என்கிற வழவழப்பான பிளாஸ்டிக் தாள் ஒன்றை இறுக்கி டேப் போட்டு ஒட்டினோம். உள்பக்கமிருந்து ரெசின் தடவி, சின்ன மேட், நடு மேட், பெரிய மேட் என்று அடுக்கி, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினோம். வெள்ளையாக இருக்கிற மேட் ரெசின் குடித்ததும் கண்ணாடியாகிவிடும். எங்கே வெள்ளை தெரிகிறதோ அங்கே காற்று இருக்கிறது. மறுநாள் ஷீட்டை உரித்தபோது வெளிமுகம் வழவழவென்று வந்தது. ஆத்தங்குடிக் கண்ணாடி செய்கிற வேலையை இந்த ஐந்து ரூபாய் ஷீட் செய்துவிட்டது. இன்னொரு லாபமும் உண்டு: பாலியெஸ்டர் ரெசின் காற்றுப் படுகிற முகத்தில் பிசுபிசுப்பு போகாமல் நிற்கும், ஷீட் மூடினால் அது இருக்காது.

சிலந்தி வலை மாதிரி ஓடுகிற மயிரிழைக் கீறல்களை மட்டும் சோம்பல் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் முக்கோணச் சுரண்டியால் பள்ளமாக்கி ஜெல்கோட் வைத்து அடைத்தால்தான் உண்டு. மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அந்த ரேகை அடுத்த கோடையில் திரும்ப எழுந்து வரும்.

வாடை

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒட்டு முடிந்து ஐந்தாவது நாள், காய்ந்துவிட்டது என்று நினைத்து, பள்ளத்தூருக்கு ஒரு சின்ன ஆர்டரை டாப்புக்குள் வைத்து எடுத்துப் போனேன். கதவெல்லாம் மூடி, மத்தியான வெயில். டின்னைத் திறந்த ஆச்சி ஒன்றை எடுத்து வாயில் போடப் போய், கையை நிறுத்தி, மோந்து பார்த்தார்.

"என்னப்பா, சீப்புச் சீடையில பெயிண்ட் வாடை அடிக்குது?"

பாலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன்தான் அந்த வாடை. எண்ணெய்ப் பண்டம் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆறு கிலோ சீடையையும் திருப்பி எடுத்து வந்து குப்பையில் கொட்டினேன்; மாட்டுக்குப் போடவும் மனம் வரவில்லை. அந்த இழப்பை ஒட்டுக் கணக்கில் சேர்த்தால் எபாக்ஸி ஒன்றும் அதிக விலை இல்லை. சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிறவர்கள் உள்பக்க ஒட்டுக்கு எபாக்ஸியே வாங்குங்கள் என்று இப்போது சொல்கிறேன். பாலியெஸ்டர் போட்டாயிற்று என்றால், கதவு கண்ணாடி எல்லாம் திறந்து வைத்து மூன்று வாரமாவது வெயிலில் காயவிடுங்கள். சூடு ஏற ஏறத்தான் மிச்ச ரெசினும் இறுகும், வாடையும் வெளியேறும். சோதனைக்கு ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி உள்ளே ஒரு பகல் மூடி வைத்து மோந்து பார்த்தேன். மூன்றாவது வாரம்தான் நல்லெண்ணெய் நல்லெண்ணெயாக மணந்தது.

எந்தப் பெயிண்ட்

பெயிண்டே வேண்டாம், தேய்த்துப் பாலிஷ் போட்டால் போதும் என்று ஒரு கட்சி. 800, 1000, 1500 நம்பர் வாட்டர் பேப்பர், காம்பவுண்ட், மெழுகு. ஜெல்கோட் கனமாக மிச்சமிருந்தால் இதுதான் மிக மலிவான வழி. நான் கூரை மூலையில் ஒரு சாண் தேய்த்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அடியில் இழை தெரிந்தது. பக்கச் சுவர்களில் இன்னும் தடிமன் இருந்தது. வெயில் கூரையைத்தான் தின்கிறது. ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பொடி உதிர்கிற பரப்பின் மேல் அது நிற்காது.

சிந்தெடிக் எனாமல், வீட்டு கேட்டுக்கு அடிக்கிற அதே பெயிண்ட், லிட்டர் விலை குறைவு, ரோலரில் யாரும் அடிக்கலாம். இரண்டு மூன்று வருஷத்தில் மங்கும். மங்கினால் திரும்ப அடித்துக்கொள்ளலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மணல், செங்கல் ஏற்றுகிற வண்டிக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண். ஆனால் பிரைமர் என்று கேட்டதும் கடைப் பையன் ரெட் ஆக்சைடை எடுத்துக் கொடுப்பான், அது இரும்புக்கு. ஃபைபருக்கு எபாக்ஸி பிரைமரோ பி.யு. (பாலியூரித்தேன்) பிரைமரோ கேட்டு வாங்குங்கள்.

பி.யு. பெயிண்ட் இரண்டு டப்பாவாக வரும், பெயிண்ட்டும் ஹார்ட்னரும். வெயிலுக்கு இதைவிட நம் பட்ஜெட்டில் நல்லது இல்லை. சிக்கல், அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது பனியாக மூச்சில் போனால் ஆஸ்துமா வரவழைக்கும். துணி மாஸ்க்குக்கெல்லாம் அது அடங்காது. வீட்டு முற்றத்தில், பக்கத்தில் பிள்ளைகள் விளையாட, கம்ப்ரசர் வாடகைக்கு எடுத்து பி.யு. ஸ்ப்ரே அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்ப்ரே வேண்டுமென்றால் பெயிண்ட் அடிக்கத் தனி அறை (பூத்) வைத்திருக்கிற பட்டறையில் விடுங்கள், பெயிண்டுக்கு மட்டும் 9,000 சொன்னார்கள்.

நான் படகுக்காரர்கள் செய்கிற வழியை எடுத்துக்கொண்டேன். 320 நம்பரில் தேய்த்து, துடைத்து, பிரைமர். பிறகு பி.யு. வெள்ளையை சின்ன ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக உருட்ட, பின்னாலேயே ஒருவர் நல்ல பிரஷ்ஷின் நுனியால் லேசாகத் தடவிக்கொண்டே வர வேண்டும். ரோலர் கொப்புளம் அந்தத் தடவலில் உடைந்து பரவிவிடும். நான் உருட்ட, என் மனைவி தடவினார். வெண்ணெய் முறுக்குப் பிழிகிற கைக்கு அந்த நிதானம் ஏற்கெனவே இருந்தது. ரசாயன ஆவியை வடிகட்டுகிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கையுறையும் இருவருக்கும். இரண்டு கோட், ஒன்றரை லிட்டர். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்ப்ரே. கிட்டே வந்தால் தெரியும். கிட்டே வருகிறவர்கள் பலகாரம் வாங்க வருகிறவர்கள்தானே.

ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் மீன் கண் மீன் கண்ணாக விலகி நின்றது. கண்ணாடிக்குப் பக்கத்தில் பழைய சிலிகான் ஒட்டியிருந்த இடம். சிலிகான் தடவிய இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. சுரண்டி, தின்னரில் இரண்டு மூன்று முறை புதுத் துணியால் துடைத்த பிறகுதான் பிடித்தது. அதனால் கண்ணாடிக்கு பி.யு. சீலன்ட் வாங்கினேன். அதன் மேல் பெயிண்டும் அடிக்கலாம்.

நிறம் வெள்ளை, வெயிலில் சூடு குறைவாக ஏறும். எனக்கும் மெரூன் ஆசை இருந்தது. அதிரசத்துக்கு இல்லை.

ரப்பர், போல்ட், துரு

பட்ஜெட் இறுக்கமென்றால் பெயிண்டைக் குறையுங்கள், ரப்பரைக் குறைக்காதீர்கள். புழுதி பின்கதவு இடுக்கு வழியாகத்தான் வருகிறது. டாப்புக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் பழைய ரப்பர் கருவாடாகக் காய்ந்திருந்தது. அது இல்லாமல் டாப்பு நேராகத் தகட்டில் உட்கார்ந்து, தொட்டி முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் மூலை வெடித்திருக்கிறது. அந்த இரண்டு விரிசலுக்கும் காரணம் அதுதான். 18 அடி ரப்பர் பீடிங் 720 ரூபாய். முன்பக்க அரை அங்குல இடைவெளியை அதிலேயே இரட்டை வரிசை வைத்து மூடினேன்.

ரப்பர் அடியில் தண்ணீர் தங்கினால் தொட்டி விளிம்பு துருப்பிடிக்கும். என் வண்டியில் பிடித்திருந்தது. உலோக அரிப்பையும் ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) 1953 முதல் ஓடுகிற காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரன் துருவை இவ்வளவு தூரம் வளர்த்திருக்கக் கூடாது. சுரண்டி, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்தேன். ஜன்னல் சட்டம் அலுமினியம், யாரோ எவர்சில்வர் ஸ்குரு போட்டிருந்தார்கள். ஸ்குரு புதுசாக இருக்கிறது, சுற்றி அலுமினியம் மாவாகக் கொட்டுகிறது. இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அலுமினியம்தான் சாகும். நைலான் வாஷர் வைத்து, அடியில் சீலன்ட் தடவி மாட்டினேன். பக்கக் கண்ணாடிக்கு 4 மில்லி அக்ரிலிக், 900 ரூபாய்.

வாங்கும் முன்பே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை.

எனக்கு ஆன கணக்கு

ரெசின், மேட், ஹார்ட்னர், ஜெல்கோட், தின்னர், தாள் எல்லாம் 2,480. பிரைமரும் பி.யு. பெயிண்டும் 2,450. ரோலர், பிரஷ், டேப், கையுறை, இரண்டு மாஸ்க் 1,650. சீலன்ட், ரப்பர், அக்ரிலிக், கதவைத் தூக்கி நிறுத்த இரண்டு கேஸ் ஷாக், போல்ட் 3,620. கதவுக்காரருக்கு 1,500. ஆக 11,700. டாப்பு விலை, ஏற்றுக்கூலி சேர்த்தால் 21,900. பட்டறை வழியில் போயிருந்தால் அதே டாப்பு 32,200.

வித்தியாசம் 10,300. நான் உழைத்தது ஆறு முழு நாள். அதாவது ஒரு நாள் கூலி சுமார் 1,700 எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அதைவிட அதிகம் சம்பாதிக்கிற நாட்களை இதற்காக விடுகிறவர்கள் ஃபைபர்காரரிடம் ஒட்டையும் பட்டறையில் பெயிண்டையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுவது நல்லது. மொத்தமாக ஒரே இடத்தில் மட்டும் வேண்டாம். ஆடி மாதம் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற என் மாதிரி ஆட்களுக்கு ஆறு நாள் ஒரு விஷயமே இல்லை. சீடை ஆறு கிலோவை நான் கணக்கில் எழுதவில்லை. வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் தண்ணீர்ச் சோதனை. உள்ளே முழுக்கச் செய்தித்தாள் விரித்து, மோட்டார் போட்டு ஓஸ் பைப்பால் பதினைந்து நிமிடம் எல்லாப் பக்கமும் அடித்தோம். கூரை ஒரு சொட்டு இல்லை. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. வலது பின் மூலையில், கதவுக் கீலுக்குக் கீழே, தாளில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். இரண்டு முறை சீலன்ட் வைத்துப் பார்த்தேன், கீலையே கழற்றி மாட்டினேன், அந்த ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த மூலையில் டின் வைப்பதில்லை. ஜாக்கி வைத்திருக்கிறேன்.